நாலு மணிக்குத் தண்ணீர் காட்டுகிறவர்

குதிரைக்காரர் இறந்து ஒன்பதாம் நாள் காலையில் லாயத்து முதலாளி அவருடைய வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே, "அவரோட சட்டை ஏதாவது துவைக்காம இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த குதிரைக்காரர் மனைவி மிதிப்பதை நிறுத்தினாள். தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. ஒன்பது நாளில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"சட்டையா? எதுக்கு?"

"மிளகு சாப்பிட மாட்டேங்குதும்மா. பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படல. அவரு வாசனை பட்டா ஒரு வாய் எடுக்குமோன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

மிளகு ஒரு பெண் குதிரை. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். பேர் வைத்ததே குதிரைக்காரர்தான். பதினோரு வருடமாக அவர் கையால்தான் தின்றது, குடித்தது. வீட்டில் வாயே திறக்காத மனிதர், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "உங்க மூத்த சம்சாரம் இன்னிக்கு என்ன சொன்னா?" என்று தையலக்கா கேலி செய்வாள். "கால்ல கொஞ்சம் வலியாம். மத்தபடி சௌக்கியம்" என்று அவர் சிரிக்காமல் பதில் சொல்வார்.

அந்த மூத்த சம்சாரத்தின் காலடியில்தான் அவர் உயிர் போனது. சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் காட்டப் போனவர், அதன் அறையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். ஆட்கள் ஓடி வந்தபோது குதிரை குறுக்கே நின்றுகொண்டு அரைமணி நேரம் யாரையும் கிட்டே விடவில்லையாம். அந்த அரைமணி நேரம் தையலக்காவின் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

துவைக்காத சட்டை ஒன்று இருந்தது. தலையணைக்கு அடியில். அதை இன்னொருவர் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சட்டைய தர மாட்டேன். நானே எடுத்துக்கிட்டு வர்றேன்" என்றாள்.

மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாத்தனார், தலையைப் பின்னியபடியே வாசலுக்கு வந்தாள். "அண்ணி, உங்களுக்கே ஊட்டி விட ஆள் வேணும் போல இருக்கு. நீங்க குதிரைக்கு ஊட்டப் போறீங்களா?"

"போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று சட்டையை எடுத்துக்கொண்டு முதலாளியின் வண்டியில் ஏறினாள்.

லாயத்தில் எட்டு அறைகள் ஒரே வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இடுப்பளவுக் கதவு. முன்னால் சிமெண்ட் நடை, அதன் ஓரமாக ஒரு சாக்கடை, கோடியில் தெருவைப் பார்த்த இரும்பு கேட். மிளகு, கேட்டிலிருந்து தள்ளி மறுகோடியில் இருந்த கடைசி அறையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். கண்ணோரம் ஈ மொய்த்தது, அதை ஓட்டக்கூட அது தலையை ஆட்டவில்லை.

மாட்டு டாக்டர், குதிரை டாக்டர், நாய் டாக்டர் எல்லாம் அந்த ஊருக்கு ஒரே டாக்டரம்மாதான். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குதிரையின் வயிற்றில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நுரையீரல்ல சளி கட்டிக் காய்ச்சல் வந்துச்சு. அது ஊசியில இறங்கிடுச்சு. இப்ப நோய் ஒண்ணும் இல்ல. ஆனா வாய் திறக்க மாட்டேங்குது" என்றாள். குதிரையின் கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி இழுத்துவிட்டாள். தோல் உடனே படியவில்லை. கூடாரம் மாதிரி நின்று மெல்ல மெல்லப் படிந்தது. "பாத்தீங்களா? உடம்புல தண்ணி இல்ல. மூக்கு வழியா குழாய் விட்டு ஊத்தறேன். அது எத்தனை நாளைக்கு? தானா குடிக்கணும். இல்லன்னா குடல் கட்டிக்கும்."

அவர்கள் எல்லாம் செய்து பார்த்திருந்தார்கள். தவிட்டை வெந்நீரில் குழைத்து வைத்தார்கள். ஆப்பிளைத் துருவி, சர்க்கரைப் பாகு தெளித்து வைத்தார்கள். தாகம் எடுக்கட்டும் என்று நாக்கில் உப்புத் தடவினார்கள். அடுத்த அறைக் குதிரையைப் பக்கத்தில் நிறுத்தித் தின்னவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை.

தையலக்கா சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். குதிரை சட்டையை முகர்ந்தது. அவ்வளவுதான். கொடியில் காயும் துணியை முகர்ந்த மாதிரி முகர்ந்துவிட்டு, அவள் தோளைத் தாண்டி இடதுபக்க மூலையைப் பார்த்தது. அங்கே சுவரும், சுவரில் ஒரு கொக்கியும், கொக்கியில் ஒரு காலி வாளியும்தான் இருந்தன. தண்ணீர் நிறைந்த வாளி வலதுபக்கம் தொங்கியது. எவ்வளவு குறைகிறது என்று பார்க்க டாக்டரம்மா அதில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கூட இறங்கவில்லை.

மதியம் முழுவதும் அவள் காரட் துண்டை நீட்டினாள். விரலை நனைத்து ஈறில் தடவினாள். "ஒரு வாய்டி, ஒரே ஒரு வாய்" என்று சக்களத்தியிடம் கெஞ்சுகிற மாதிரி கெஞ்சினாள். குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நாலு மணிக்கு அது நிமிர்ந்தது.

முதலில் காதுகள் இரண்டும் கேட் பக்கம் திரும்பின. பிறகு, நடையில் யாரோ வருகிற வேகத்தில், காதுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதவை நோக்கித் திரும்பின. குதிரை கனைக்கவில்லை. தொண்டைக்குள் மட்டும் ஒரு சின்னக் குறுகுறுப்பு. நாலடி எடுத்து இடது மூலைக்குப் போனது. ஒரு ஆள் கை நீட்டினால் உள்ளங்கை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் வாயை வைத்தது. உதடுகள் காற்றில் துழாவின. பிறகு மெல்ல ஆரம்பித்தது. கடைவாய்ப் பல் அரைபடும் சத்தம் தையலக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் அதன் வாயில் எதுவும் இல்லை.

மென்று முடித்ததும் காலி வாளிக்குள் தலையை விட்டது. குடித்தது. ஒவ்வொரு மடக்குக்கும் கழுத்தில் ஒரு உருண்டை மேலிருந்து கீழே இறங்கியது. தையலக்கா தன்னை அறியாமல் எண்ணினாள். இருபத்தாறு மடக்கு. தலையை எடுத்தபோது மூக்கு காய்ந்து கிடந்தது.

அவள் வெளியே வந்தாள். முதலாளி கேட் அருகில், கிட்டே வராமல் நின்றிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா இது?"

"அவரு போன மறுநாள்லேருந்து தினமும்" என்றார் முதலாளி, தரையைப் பார்த்தபடி. "வாளிய எடுத்துடலாம்னா உள்ள போக எனக்குத் தைரியம் வரலம்மா."

டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, "வயித்து வலியில சில குதிரைங்க இப்படி வெறும் வாய மெல்லும்" என்றாள். சொல்லிவிட்டு, நடந்து போகும்போது ஒரு தடவை அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் தையலக்கா யாரும் கூப்பிடாமலே போனாள். அதற்கு மறுநாளும்.

பயம் முதல் நாளோடு போய்விட்டது. குதிரையின் காதுகளை வைத்துக் கணவர் எங்கே நிற்கிறார் என்று அவளால் சொல்ல முடிந்தது. இதோ கதவைத் திறக்கிறார். இதோ தாழ்ப்பாளைப் போடுகிறார், ஏனென்றால் காது ஒரு கணம் கீழே சாய்கிறது. இதோ மூலையில் குந்தியிருக்கிறார். அவள் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். காஸ் தீர்ந்துபோனது, உங்கள் தங்கை ராத்திரியில் அழுகிறாள், என் முன்னால் அழ மாட்டேன் என்கிறாள், மேல்வீட்டுக்காரி தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். உயிரோடு இருந்தபோது இதையெல்லாம் சொன்னால் பாதியில் தூங்கிப்போவார். இப்போது குதிரையின் ஒரு காது மூலையில் இருக்கும், இன்னொரு காது தன் பக்கம் திரும்பும். கேட்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பேசி முடித்து எழுந்தால் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

நாலாம் நாள் காலையில் நாத்தனார் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் படீரென்று வைத்தாள். "இது நேத்து ராத்திரி போட்டது. அப்படியே இருக்கு. முந்தாநாள் போட்டதை நான்தான் கொட்டினேன். அண்ணி, என்னதான் நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"சாப்பிட்டேனே."

"எப்ப?"

தையலக்கா யோசித்தாள். சாப்பிட்டது நன்றாக நினைவிருந்தது. மென்றது, விழுங்கியது, கை கழுவியது கூட. என்ன சாப்பிட்டோம் என்பதுதான் நினைவில்லை.

"பசிக்கவே இல்லடி" என்றாள். சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

நாத்தனார் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. தையலக்கா தன் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளி இழுத்துவிட்டாள். தோல் கூடாரம் மாதிரி நின்றது. படிய நேரமாயிற்று.

அவள் தட்டைத் தொடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது முந்தின நாட்களின் ஆசை அவளிடம் இல்லை. அடுத்தவர் வீட்டில் சண்டை போடப் போகிறவள் மாதிரி விறுவிறுவென்று நடந்தாள்.

லாயத்தில் மிளகு படுத்துவிட்டிருந்தது. டாக்டரம்மா கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"காலையில நிக்க வெச்சோம். மறுபடி படுத்துடுச்சு. குழாய்ல ஊத்தற தண்ணிகூட இப்ப உள்ள நிக்க மாட்டேங்குது. நாளைக்கும் இப்படியே இருந்தா, கஷ்டப்படாம ஒரு ஊசியைப் போட்டு முடிச்சுடலாம்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"உங்களுக்கு என்ன தோணுது?" என்று டாக்டரம்மா கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை.

"அது பட்டினி கிடக்கலை டாக்டரம்மா. வயிறு நிறைஞ்சிருக்கிறதா நினைச்சுக்கிட்டு இருக்கு."

மூன்றரை மணிக்கு அவள் உள்ளே போனாள். காலி வாளியைக் கொக்கியிலிருந்து கழற்றி வெளியே உருட்டிவிட்டாள். அது சாக்கடை வரை உருண்டு போய் நின்றது. குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து இன்னொரு வாளியை இடது கொக்கியில் மாட்டினாள். பக்கத்தில் ஒரு காரட் கட்டு வைத்துக்கொண்டாள். பிறகு அந்த மூலையில், கணவர் சாய்ந்து உட்கார்ந்த அதே சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

நாலு மணிக்குக் காதுகள் திரும்பின. குதிரை முட்டி போட்டு, வழுக்கி, மறுபடி முயன்று எழுந்தது. கால்கள் நடுங்கின. கேட்டிலிருந்து நடை, நடையிலிருந்து கதவு. தாழ்ப்பாள். காது சாய்ந்தது. பிறகு குதிரை அவளை நோக்கி வந்து, அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கும் தனக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் இடத்தைப் பார்த்தது.

அவர் அங்கேதான் நிற்கிறார் என்று தையலக்காவுக்குத் தெரிந்தது. தொட்டுக்கொள்ளும் தூரம். ஒரு வாசனை இல்லை, ஒரு காற்று இல்லை. ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் குதிரையின் உதடுகள் துழாவ ஆரம்பித்தன.

"ஏங்க, நகருங்க" என்றாள்.

குதிரை மென்றது.

"நீங்க குடுக்கறது அதுக்கு ஒட்டலங்க. எலும்பைப் பாருங்க. உங்களுக்குத் தெரியலையா? பதினோரு வருஷம் வளர்த்தவருக்குக் கண்ணு தெரியலையா?"

குதிரை மென்றுகொண்டே இருந்தது. அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே ஒரு பேச்சைக் கேட்டவர் இல்லை. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க செத்துட்டீங்க! உங்ககிட்ட யாரும் சொல்லலியா? நான் சொல்றேன். ஒன்பது, பத்து, பன்னெண்டு நாளாச்சு. நான்தான் உங்களைக் குளிப்பாட்டினேன். உங்க தங்கைதான் உங்க காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நானும் நாலு நாளா நீங்க போடற சாப்பாட்டைத்தான் சாப்பிடறேன். நல்லாத்தான் இருக்கு. பசியே இல்ல, கவலையே இல்ல. இப்படியே விட்டா நாங்க ரெண்டு பேரும் உங்ககூடவே வந்துடுவோம். அதுக்குத்தான் வர்றீங்களா? இல்லைல்ல? அப்ப நகருங்க!"

குரல் உடைந்துவிட்டது. அவள் குனிந்து ஒரு காரட்டை எடுத்துக் கடித்தாள். நான்கு நாளாக ஒன்றும் படாத வாயில் அது மரக்கட்டை மாதிரி இருந்தது. நறநறவென்று மென்றாள். விழுங்கும்போது தொண்டை கிழிந்த மாதிரி வலித்தது. கண்ணில் நீர் முட்டியது. இன்னொரு கடி. பிறகு வாளியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைத் தாழ்த்தி, குதிரை குடிப்பது போலவே வாயை வைத்துத் தண்ணீரை உறிஞ்சினாள். மூக்கில் ஏறியது. இருமினாள். மறுபடி குடித்தாள். மடக் மடக் என்று அறை முழுவதும் கேட்டது.

மெல்லும் சத்தம் நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

நிமிர்ந்தாள். குதிரை முதன்முறையாக அவளைப் பார்த்தது. அவள் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது மூக்கை நீட்டி அந்தச் சொட்டை நக்கியது. நாக்கு உப்புத்தாள் மாதிரி காய்ந்து சொரசொரத்தது. அவள் அசையவில்லை. மூச்சைக்கூட விடவில்லை. பிறகு அது வாளிக்குள் தலையை விட்டது. தண்ணீர் உதட்டில் பட்டதும் உடம்பு முழுவதும் ஒரு சிலிர்ப்பு ஓடியது. குடிக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை தண்ணீர் இறங்கியது. அவள் கண்ணெதிரே இரண்டு விரல், நாலு விரல், அரைச் சாண்.

பாதி வாளி காலியானதும் குதிரை தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தது. வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. காதுகள் மெல்ல நடையின் பக்கம் திரும்பின. அடுத்த அறைக் குதிரை, தின்றுகொண்டிருந்த புல்லை விட்டுவிட்டுக் கதவுக்கு மேலே தலையை நீட்டியது. பிறகு அதற்கு அடுத்தது. பிறகு அதற்கும் அடுத்தது. ஒருவர் நிதானமாக நடந்து போனால் எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் விட்டு, எட்டு தலைகளும் ஒவ்வொன்றாக நிமிர்ந்து கேட்டின் பக்கம் திரும்பின.

கூப்பிட்டால் நிற்பார் என்று தையலக்காவுக்குத் தோன்றியது. "ஏங்க" என்று ஒரு வார்த்தை போதும். அவள் மிச்சக் காரட்டை வாயில் திணித்துக்கொண்டு இரண்டு கையாலும் குதிரையின் பிடரியைப் பற்றிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தலைகள் எல்லாம் உள்ளே போயின. புல் தின்னும் சத்தம் மறுபடி கேட்டது.

டாக்டரம்மா ஓடி வந்து வாளியைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள். "ஒரேயடியா குடுத்துடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா. அரைமணிக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி தவிடு" என்று மட்டும் சொன்னாள். இருட்டுவதற்குள் மிளகு மூன்று கைப்பிடி தின்றது. சாணமும் போட்டது. அதைப் பார்த்து டாக்டரம்மா பரீட்சையில் பாஸானவள் மாதிரி சிரித்தாள்.

முதலாளி நாலு மணியிலிருந்தே கேட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. தையலக்கா வீட்டுக்குப் போகிற வழியில் அவர் அருகில் நின்றாள்.

"எந்தப் பக்கம் போனாரு?"

"நான் எதையும் பார்க்கலம்மா. கேட்டுக்கு வெளிய ஒரு தெருநாய் படுத்திருந்துச்சு. அது எழுந்து வாலை ஆட்டிக்கிட்டே வலது பக்கம் கொஞ்ச தூரம் போச்சு. அப்புறம் நின்னுடுச்சு."

அவளுடைய வீடு இடது பக்கம்.

"வலது பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. பழைய செங்கல் சூளை. அதுக்கப்புறம் வெறும் பொட்டல்."

அவள் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல் வீட்டுக்கு நடந்தாள். நாத்தனார் விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து தட்டு வைத்தாள். தையலக்கா சுடுசோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாம் தடவை கை நீட்டும்போது அழுகை வந்துவிட்டது. சோறும் கண்ணீருமாக வாய் நிறைய வைத்துக்கொண்டு அழுதாள்.

நாத்தனார் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தானும் அழுதாள். "என்ன அண்ணி, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே அழுதாள்.

"பசிக்குதுடி" என்றாள் தையலக்கா. "ரொம்பப் பசிக்குது."